ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. அத்தை வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை, நேரில் வரும்போது சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நீ கூப்பிட்டபோது கடையில் ஆள் இருந்தார். சரியாகப் பேச முடியவில்லை. "அப்பா, ஈயம் ஒட்டாம உருண்டு உருண்டு விழுது, ஏன்?" என்று கேட்டாய். ஈயம் வைத்துப் பற்றவைக்கிற இந்த வேலையைப் பற்றி நீ என்னிடம் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! போனை வைத்த பிறகுதான் அது உனக்கு ஆபீஸ் நேரமாயிற்றே என்று தோன்றியது. லீவு போட்டிருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஈயம் உருளுகிறது என்றால் சூடு ஈயத்துக்கு மட்டும் போகிறது, போர்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் ரெசிஸ்டரின் கம்பிக் கால் கறுத்திருக்கும். பிளேடால் லேசாகச் சுரண்டிவிடு. பற்றவைக்கிற அயர்னில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய்த் தடவாதே. செம்புப் பட்டையும் காலும் சேருகிற இடத்தில், இரண்டையும் தொடுகிற மாதிரி அயர்ன் நுனியை, அந்த பிட்டை, வை. மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணு. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக்கம்பியைக் காட்டு. சூடு இருக்கிற இடம் தேடி ஈயம் தானாக ஓடும். முதலில் கம்பியை எடு, பிறகு அயர்னை எடு. ஆறும்வரை ஊதாதே, அசைக்காதே. அசைந்தால் டிரை சால்டர்தான், ஒட்டின மாதிரி தெரியும், ஒட்டியிருக்காது. தட்டினால் படம் வரும் என்று டிவியைத் தூக்கிக்கொண்டு வருவார்களே, முக்கால்வாசி அதுதான்.

நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நாலு பொட்டும் ஓரம் சரிந்து கூம்பாக, பளபளவென்று நிற்கின்றன. நானே வைத்த மாதிரி இருந்தது. கடைக்கு வந்த இரண்டு பேரிடம் காட்டினேன். அதே போட்டோவில் ஜன்னல் சாத்தியிருந்தது. போர்டுக்குப் பக்கத்தில் டீ டம்ளர். உன் ஆபீஸ் அட்டை சுவரில் ஆணியில் தொங்கியது.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். அந்தப் புகை ஈயப் புகை இல்லை, இந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. கம்பிக்குள் இருக்கிற ஃப்ளக்ஸ், மரப்பிசின், அதுதான் புகைகிறது. அது நெஞ்சுக்கு ஆகாது, இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. மார்கழியில் உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடியது உனக்கே தெரியும். சின்ன ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து, புகை உன் முகத்துக்கு வராமல் ஜன்னல் பக்கம் தள்ளிவிடு. குனிந்து மூக்கருகே வைத்து வேலை செய்யாதே.

ஈயம் உடம்புக்குள் போவது கை வழியாக. கம்பி 60/40 என்றால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே. டீயை அடுத்த அறையில் குடி. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது நான் கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வேனே, அதை நீ செய்யாதே. எஸ்.பி. ரோட்டுக் கடையில் லெட் ஃப்ரீ, அதாவது காரீயம் இல்லாத கம்பி கொடுத்திருந்தால் அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். மற்றது 190க்குள் உருகிவிடும். பிட்டை 350 அளவில் வை, போதும். கால் நறுக்கும்போது துண்டு கண்ணுக்குத் தெறிக்கும், கண்ணாடி போடு. தலைமுடியை முடிந்துகொள். ஜன்னலைத் திற.

அயர்ன் கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதே. போர்டு போனால் போகட்டும், தரை கருகினால் கருகட்டும்.

உன் இடது மணிக்கட்டுத் தழும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடாதே என்று சொல்லியும் தொட்டுவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன், ஆத்தாவிடம் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். நீ தொடவில்லை பாப்பா. அயர்னை ஸ்டாண்டில் வைக்காமல் மேசை விளிம்பில் வைத்திருந்தேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்தேன், வயர் என் காலில் மாட்டியது. நீ கீழே உட்கார்ந்து பழைய வால்வுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். உன் கைமேல் விழுந்தது. குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டியிருக்க வேண்டும். நான் இங்க்கை ஊற்றினேன். "நான் தொடலப்பா" என்று அழுதாய். எல்லோர் முன்னாலும் "சும்மா இரு" என்றேன். அதற்கப்புறம் நீ கடையில் வந்து உட்காரவே இல்லை. படிப்பு வந்துவிட்டது, அதனால் வரவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

என்னிடம் சொல்ல முடியாமல் எதையாவது நீ வைத்துக்கொண்டிருந்தால், அதற்கும் அந்த "சும்மா இரு"தான் காரணமோ என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து தூக்கம் வரவில்லை.

என்னுடைய ஸ்பிரிங் ஸ்டாண்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அடி இரும்பு, கனமாக இருக்கும், சாயாது. ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து வை. முறுக்கு டப்பாவுக்கு அடியில் ஒரு கவர் இருக்கிறது, ஈயம் வாங்க வைத்துக்கொள். அம்மாவுக்குத் தெரியும்.

காலை 11 மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. எந்தக் கிழமையானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா