எட்டு இரவுக்கு எண்ணெய் எடுத்து வை, அம்மா

பாட் யாம், இஸ்ரேல்
2025 நவம்பர் 30, ஞாயிறு

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க அந்தோனியாரிடம் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "சாப்பிட்டியா" என்பாய், நான் "சாப்பிட்டேன்" என்பேன், அதற்குள் பாப்பா பிடுங்கிக்கொள்வாள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். நாகர்கோவில் அக்கா ஒருவர் லீவில் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். மதுரையிலிருந்து உனக்குத் தபாலில் போட்டுவிடுவார். பாப்பாவை விட்டு வாசிக்கச் சொல். தம்பியும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இன்றைக்கு எனக்கு லீவு நாள். யாப்பா அந்தோனியார் கோவிலில் திருப்பலி பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். யாப்பா என்றால் பைபிளில் வருகிற யோப்பாதான், யோனா கப்பல் ஏறிய துறை. இங்கிருந்து கடலோரமாக நடந்தே போய்விடலாம். கோவிலுக்குள் காலை வைத்தாலே எனக்குக் கச்சத்தீவு ஞாபகம் வந்துவிடும். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படகிலிருந்து இறங்கிய அந்த வருடம். இன்றைக்குத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் இந்த வருடம் உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

நான் இருக்கும் ஊரின் பெயருக்குக் 'கடலின் மகள்' என்று அர்த்தமாம். மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல். காலையில் சவ்தாவை எழுப்பி, மாத்திரை கொடுத்து, குளிப்பாட்டி, சூப் வைத்து... அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். சவ்தா என்றால் எபிரேயத்தில் பாட்டி, நான் இங்கே வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்பவர். அவருக்கு 88 வயது, சின்ன வயதில் ருமேனியாவிலிருந்து வந்தவர். பால் பாத்திரமும் கறிப் பாத்திரமும் கலக்கக் கூடாது என்ற யூதச் சட்டத்தை இப்போது நான் தூக்கத்தில்கூடத் தப்பாகச் செய்ய மாட்டேன். ஜூன் மாதத்தில் ஈரான் சண்டையில் சைரன் ஊதிய அந்தப் பன்னிரண்டு நாட்களைப் பற்றி இனி எழுத மாட்டேன். நீ பட்ட பாடு போதும்.

போன கிறிஸ்துமஸ் ராத்திரி பாப்பா போனில் பார்த்தாளே, ஒரு பித்தளைத் தண்டில் மெழுகுவர்த்தி? அதுதான் ஹனுக்கா, யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகை. இவர்கள் மாதக் கணக்கு நிலாவைப் பார்த்துப் போவதால் தேதி வருடா வருடம் மாறும். போன வருடம் முதல் விளக்கு சரியாக டிசம்பர் 25 மாலையில் வந்தது. சவ்தாவுக்குக் கை நடுங்கும், அதனால் அவர் கையை நான் பிடித்துக்கொள்ள, இருவருமாக ஏற்றினோம். அவர் மெல்லிய குரலில் ஆசீர்வாதம் பாடினார். உடனே பாப்பா ஓடிப்போய் நம் குடில் முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை எடுத்து வாசலில் வைத்தாள். நீ அவளைத் திட்டினாய், "நாம என்ன யூதரா, சாமியார் கேட்டா என்ன சொல்றது?" என்று. அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஒரு வருடமாக வாசித்து, சவ்தாவிடம் கேட்டு, கோவிலில் ஃபாதரிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

நம் பைபிளில் மக்கபேயர் முதல் நூல் நான்காம் அதிகாரத்தை எடுக்கச் சொல். பரமக்குடி சி.எஸ்.ஐ. அத்தையின் பைபிளில் தேடாதே, அவர்கள் புரொட்டஸ்டண்டு சபை, அதில் அந்த நூல் இருக்காது. இன்னொன்று கேள், எனக்கே ஆச்சரியமாக இருந்தது: யூதர்களின் பைபிளிலும் அது இல்லை. அவர்களுடைய பண்டிகையின் கதையை நம் பைபிள் வைத்திருக்கிறது. சவ்தாவிடம் சொன்னபோது மறுபடி மறுபடி கேட்டார். நான் எனக்குத் தெரிந்த எபிரேயத்தில் தட்டுத்தடுமாறி அந்த அதிகாரத்தைச் சொன்னேன்.

கதை இதுதான். அந்தியோக்கு என்ற ராஜா எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்திவிட்டான். அது கி.மு. 167. மூன்று வருடம் கழித்து யூதா மக்கபேயும் அவர் சகோதரர்களும் சண்டை போட்டுக் கோவிலை மீட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கதவெல்லாம் எரிந்து கிடக்கிறது, முற்றத்தில் காடு மாதிரிப் புதர் மண்டிக் கிடக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு நம் பக்கத்துச் சீமைக் கருவேலம்தான் கண்ணில் வந்தது. ஆள் இல்லாத வீட்டுக்குள் அது எப்படி நுழைந்துவிடும் என்று நமக்குத்தானே தெரியும்! அவர்கள் துணியைக் கிழித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்து வேலையைத் தொடங்கினார்கள். செதுக்காத கல்லால் புதுப் பலிபீடம் கட்டி, விளக்குத் தண்டை உள்ளே கொண்டுவந்து வைத்து, திரையைத் தொங்கவிட்டார்கள். அவர்கள் கணக்கில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் கொண்டாடினார்கள். ஒரு நாளைக்கு மட்டும் போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற அற்புதம் பிற்பாடு அவர்களுடைய தால்முத் நூலில் எழுதப்பட்டது. மக்கபேயர் நூலில் எண்ணெய்க் கதை இல்லை, சுத்தம் பண்ணின கதைதான் இருக்கிறது.

ஹனுக்கா என்ற சொல்லுக்கே அர்ப்பணிப்பு என்றுதான் பொருள். யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில், கோவில் அர்ப்பண விழா நடக்கிறது, குளிர்காலம், இயேசு சாலமோன் மண்டபத்தில் நடந்துகொண்டிருக்கிறார் என்று வருகிறதே, அது இந்த விழாதான் அம்மா. எத்தனை தடவை கோவிலில் அந்த வாசகத்தைக் கேட்டிருப்போம்! நம் ஆண்டவர் நடந்த விழா. அதனால் நாம் விளக்கு வைப்பதில் தப்பில்லை. அவர்களுடைய ஆசீர்வாதப் பாட்டை மட்டும் நாம் பாட வேண்டாம், அது அவர்களுக்கு உரியது. நாம் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்வோம். அப்புறம் யோவானிலிருந்து அந்தப் பகுதியைப் பாப்பா வாசிக்கட்டும்.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கேள்.

அப்பா போனதிலிருந்து நம் வீட்டில் குடும்ப செபம் நின்றுவிட்டது. பீடத்தின் மேல் மாதா சுரூபத்தை ஒட்டி என்னென்ன இருக்கிறது என்று வீடியோவில் பார்க்கிறேன். சார்ஜர், உன் மாத்திரை டப்பா, குழுக் கடன் அட்டை. வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து நீ முன்கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாய். அந்தக் கடனில் மீதியை ஜனவரியில் நான் கட்டி முடித்துவிடுவேன். அந்த அட்டையை மாதாவுக்குப் பக்கத்தில் வைக்காதே, அம்மா. பீரோவில் வை. பீடத்தைத் துடைத்து, புது வெள்ளைத் துணி விரி. ஹனுக்காவுக்கு வீடு சுத்தம் செய்யும் சட்டம் ஒன்றும் இவர்களுக்கு இல்லை. அது பாஸ்கா பண்டிகைக்குத்தான், அப்போது ரொட்டித் துகள்கூட இருக்கக் கூடாது என்று அலமாரியையே கவிழ்ப்போம். ஆனால் இந்தக் கதையை வாசித்த பிறகு பீடத்தைத் துடைக்காமல் எப்படி விளக்கு ஏற்றுவது?

அப்புறம் அப்பாவின் வலை. தம்பி விற்க வேண்டும் என்கிறான், நீ கூடாது என்கிறாய், ஆகஸ்டிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை, அவன் தனி வீடு பார்த்துப் போய்விட்டான். எனக்கு இங்கே ராத்திரித் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

அந்த அதிகாரத்தில் ஓர் இடம் இருக்கிறது. தீட்டுப்பட்ட பழைய பலிபீடத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கற்கள் ஒரு காலத்தில் ஆண்டவருக்கு உரியவை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, திரும்பக் கட்டவும் முடியாது. அதனால் ஓர் இறைவாக்கினர் வந்து சொல்லும்வரை இருக்கட்டும் என்று கோவில் மலையிலேயே தகுந்த இடத்தில் எடுத்து வைத்தார்கள். இதை வாசித்து நான் சமையலறையில் நின்று அழுதேன். நம் வலையையும் அப்படிச் செய்யுங்கள். தென்னை மரத்தடியில் மழையில் மட்க விடாதீர்கள். நீயும் தம்பியுமாக நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மடித்து, பரணில் வையுங்கள். இப்போது விற்க வேண்டாம். அப்பாவின் வத்தைப் படகைப் பொறுத்தவரை தம்பி சொல்வதுதான் சரி, அம்மா. அதன் பலகை போய்விட்டது, இனி கடலுக்கு ஆகாது. அதை அவன் கொடுத்துவிடட்டும்.

இந்த வருடம் முதல் விளக்கு டிசம்பர் 14, ஞாயிறு மாலை. நமக்குத் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. எட்டாவது விளக்கு 21, நான்காம் ஞாயிறு. மறுநாள் 22, அம்மாச்சியின் நாள். 1964இல் அந்த ராத்திரிதான் புயலில் தனுஷ்கோடி போனது. மேற்கூரை இல்லாத அந்தக் கோவிலில் அம்மாச்சி வருடா வருடம் காற்றுக்குக் கையைக் குவித்து மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்பார், அணைய அணைய ஏற்றுவார். அந்தக் கோவிலை மறுபடி யாரும் அர்ப்பணிக்கவில்லை. முடிந்தால் 22ஆம் தேதி பாப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போ. தம்பி ஆட்டோ எடுத்து வருவான்.

விளக்குக்குப் பித்தளைத் தண்டு எல்லாம் வேண்டாம். கார்த்திகைக்கு வந்த அகல் கடைகளில் மிச்சம் இருக்கும், ஒன்பது வாங்கு. எட்டு நாளைக்கு எட்டு, ஒன்று மற்றவற்றை ஏற்றுவதற்கு. அந்த ஒன்பதாவதை 'சமாஷ்' என்பார்கள். தொழுகைக் கூடத்தில் ஊழியம் செய்பவருக்கும் அதே பெயர்தானாம், நம் ஊர்க் கோவில்பிள்ளை மாதிரி. எனக்குப் பிடித்த விளக்கு அதுதான். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொன்றாக வை, ஏற்றும்போது அன்றைக்குப் புதிதாக வைத்ததை முதலில் ஏற்று. இங்கே கடையில் விற்கும் மெழுகுவர்த்திப் பெட்டியில் சரியாக 44 இருக்கும், எட்டு நாள் கணக்கு. நல்லெண்ணெய் போதும். வாடைக் காற்று அடிக்குமே என்று யோசிக்காதே. எருசலேமில் வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஏற்றுவார்கள், நம் வீட்டில் பழைய அரிக்கேன் கண்ணாடி இருக்கிறது. ஜன்னலிலோ வாசலிலோ தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அதற்கு முன்கதவு திறந்திருக்க வேண்டும், அம்மா.

விளக்கு எரியும்போது அந்த வெளிச்சத்தில் வேலை பார்க்கக் கூடாது. அரை மணி நேரமாவது பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், முக்கியமாகப் பெண்கள் கையில் வேலை எடுக்கக் கூடாது என்று சவ்தா சொல்வார். நீ அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கருவாட்டைப் புரட்டிக்கொண்டோ, வெங்காயம் உரித்துக்கொண்டோதான் செபமாலைகூடச் சொல்வாய். இந்த எட்டு நாள் உட்கார். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுவதும் வழக்கம். இங்கே உள்ளே ஜாம் வைத்த உருண்டைப் பலகாரம் கடையெல்லாம் அடுக்கியிருக்கும். நீ எப்படியும் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு போடுவாய், அதை இந்த வாரமே தொடங்கு. தம்பி பொண்டாட்டியைக் கைக்கு உதவிக்குக் கூப்பிடு, அவள் வருவாள்.

அக்கா கையில் பாப்பாவுக்கு ஒரு மரப் பம்பரமும் கொடுத்துவிடுகிறேன், அது கடிதத்தோடு வரும். நாலு பக்கமும் நாலு எழுத்து இருக்கும். 'இங்கே ஒரு பெரிய அற்புதம் நடந்தது' என்று அர்த்தம். வெளிநாடுகளில் விற்பதில் 'அங்கே' என்று இருக்குமாம். இது இந்த ஊர்ப் பம்பரம், அதனால் 'இங்கே' என்றுதான் இருக்கும். நம் வீட்டுத் தரையில் சுற்றும்போதும் அப்படியே வாசிக்கச் சொல்.

14ஆம் தேதி இங்கே மாலை 5 மணி, உங்களுக்கு இரவு 8.30. சவ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டே போன் போடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் சூரியன் மறைவதற்கு முன்பே ஏற்றிவிடுவோம், அன்றைக்கு 7.45க்கே கூப்பிடுவேன். முதல் விளக்கைப் பாப்பா ஏற்றட்டும். இரண்டாவது நாள் தம்பியை ஏற்றச் சொல். அவன் வரமாட்டான் என்று சொல்லாதே. நான் அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், நீயும் ஒரு வார்த்தை கூப்பிடு.

இப்படிக்கு
உன் அன்பு மகள்