பிதற்றுகிற காய்ச்சலுக்கு முதலில் ரத்தம் பாருங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்த் தலைவர்களுக்கும், ஜமாஅத் பெரியவர்களுக்கும், படகுச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்து ஸ்லைடில் தடவிக்கொண்டு, பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே சைக்கிளில் அலைந்த ‘மலேரியாக்காரர்’ நான்தான். சவுக்குத் தோப்புகளில் தண்ணீருக்காகத் தோண்டிய குழிகளில் கொசு முட்டையிடுகிறது என்று சொல்லி, உங்களில் சிலரிடம் வசவும் வாங்கியிருக்கிறேன்.

இப்போது என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஒடிசாப் பக்கம் வேலைக்குப் போயிருந்த என் அக்கா மகன், ஊர் திரும்பிய பத்தாம் நாள் காய்ச்சலில் படுத்தான். மூன்றாம் நாள் பிதற்றல். பெற்றவளைப் பார்த்து “நீ யாரு?” என்று கேட்டான். காத்துக் கருப்பு என்றார்கள். தண்ணீர் ஓதி முகத்தில் அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் அக்கா பேச்சைத் தட்ட முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை வலிப்பு வந்த பிறகுதான் வண்டி பிடித்தோம். ஆர்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை ஊசியாகப் போட்டார்கள், பிழைத்தான். ஆனால் அந்த ஒரு ராத்திரியை நாங்கள் வீணடித்தோம்.

அவன் மண்டைக்குள் நடந்தது இதுதான். நம் பக்கம் அதிகம் வருவது விவாக்ஸ் வகை மலேரியா. அது மூளைக்குப் போவது அபூர்வம். ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை அப்படியில்லை. அந்தக் கிருமி புகுந்த ரத்த அணுவின் மேல் சின்னச் சின்ன முடிச்சுகள் முளைக்கும். படகின் அடியில் சிப்பி ஒட்டுவதுபோல, அந்த அணுக்கள் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிக்கொண்டே இருந்தால் மண்ணீரல் பிடித்து அழித்துவிடும் அல்லவா, அதற்குத்தான் இந்த ஒளிவு. கிருமி மூளைத் திசுவுக்குள் நுழைவதே இல்லை. குழாயை அடைத்தே காரியத்தை முடித்துவிடுகிறது. அந்த இடத்துக்குப் பிராணவாயு குறைகிறது, ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கலாம், குழாய்ச் சுவர் கசிந்து மூளை வீங்குகிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. வீக்கம் கீழே மூச்சை நடத்தும் பகுதியை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும்.

ஆப்பிரிக்காவின் மலாவியில் மூளை மலேரியா கண்ட குழந்தைகளை ஸ்கேன் செய்து பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். இறந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்தவர்களிலும் சிலருக்கு அதே வீக்கம் இருந்து, பிறகு வடிந்திருக்கிறது. பிழைத்த குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் வலிப்பும் படிப்பில் தடுமாற்றமும் வருவதுண்டு. பிழைத்த பெரியவர்கள் பெரும்பாலும் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். என் மருமகன் சில மாதம் வலை பின்னும்போது கை மறந்து நின்றான், இப்போது சரியாகிவிட்டான்.

இன்னொன்று, தொழில் ரகசியம் மாதிரி. கிருமி ஏறிய முற்றிய அணுக்கள் மூளையில் ஒளிந்திருக்கும்போது விரல் ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் தெரியும். “டெஸ்டில் ஒன்றும் இல்லை” என்று ஒருமுறை சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். மறுநாளும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓதுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் ஆளில்லை. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துஆ என்கிற வேண்டுதலும் சேர்ந்து நடக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியிலும் ஓதலாம்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. வெளி மாநிலக் கரைகளில் தங்கி வந்தவர்களின் பெயர், வந்த தேதி இரண்டையும் சங்க நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுக்க வையுங்கள், காசு வாங்கமாட்டார்கள். பேச்சு தடுமாறினாலோ, தூக்கம் தெளியாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. ராத்திரி வண்டிக் கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுங்கள், வீட்டுக்காரர்கள் காசு தேடி அலையும் நேரத்தில்தான் மூளை வீங்குகிறது.

நமக்கு எதிர்க்கரையான தலைமன்னார் இருக்கிற இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அடுத்த ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன். பழைய ஸ்லைடு பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மலேரியாப் பணியாளன், பாம்பன்