ஆயிரம் காஸ் கடிகாரம்: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். சென்ற மாதம் அப்பாவின் கைக்கடிகாரத்தை உங்கள் கடைக்குக் கொண்டுவந்திருந்தபோது, "இவ்வளவு படிக்கிறீர்களே, அந்த ரோலெக்ஸ்காரர்கள் உங்களைக் கூப்பிட்டு அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் இரண்டு பேர் பேட்டரி மாற்றக் காத்திருக்கும்போது நின்றுகொண்டே சொல்லக்கூடிய பதில் அல்ல அது. இதே பித்துப் பிடித்த வேறு சிலரும் வாசிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். அவர்கள் விலை போடும் கடிகாரத்தை வாங்கும் வசதி எனக்கு இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாங்க முடியாதவனுக்குத்தான் கற்பனை செய்ய நேரம் இருக்கிறது.

நான் கேட்பது மில்காஸ், காந்தத்தைத் தாங்குவதற்கென்றே ரோலெக்ஸ் செய்த கடிகாரம். காஸ் என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு. ஆயிரம் காஸ் என்பதே அந்தப் பெயரின் பொருள். 1956இல் பிறந்து, 1988இல் நிறுத்தப்பட்டு, 2007இல் திரும்ப வந்து, 2023 மார்ச்சில் மறுபடியும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட கடிகாரம் அது.

இந்த ஆசைக்குக் காரணம் உங்கள் கடையிலேயே இருக்கிறது. அப்பாவின் கடிகாரம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று நான் புலம்பியபோது நீங்கள் மூடியைக்கூடத் திறக்கவில்லை. சிறிய திசைகாட்டி ஒன்றை அதன்மேல் வைத்தீர்கள். திசைகாட்டியின் முள் தடுமாறியது. "எங்கே கொண்டுபோய்க் காந்தம் ஏற்றினீர்கள்?" என்றீர்கள். நான் வேலை பார்ப்பது எம்.ஆர்.ஐ. அறையில் என்பதை அன்றுதான் உங்களிடம் சொன்னேன். அங்குள்ள காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் அணைவதில்லை. தினமும் வெளியே இழுப்பறையில் கழற்றி வைத்துவிட்டுப் போகும் கடிகாரத்தை, பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் ஒரே ஒரு நாள் மறந்து, வாசலைத் தாண்டி நான்கு எட்டு வைத்துவிட்டேன். மணிக்கட்டை யாரோ மெல்லப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. திரும்பி வெளியே வருவதற்குள் அதற்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கடிகாரத்தின் நேரத்தை நிர்ணயிப்பது பேலன்ஸ் சக்கரமும், அதனோடு இணைந்த மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கும். பழைய ஸ்பிரிங்குகள் இரும்பும் நிக்கலும் கலந்தவை. அவற்றில் காந்தம் ஏறினால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தாற்போல் ஆகி, சக்கரம் வேகமாக ஆடத் தொடங்குகிறது. பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ அரை காஸ். காந்த எதிர்ப்பு உடையது என்று சொல்லிக்கொள்ள ஐ.எஸ்.ஓ. 764 தரம் ஒரு கடிகாரத்திடம் கேட்பது 60 காஸ் அளவைத் தாங்குவதை மட்டுமே. அந்த நிலையில் 1956இலேயே ஆயிரம் காஸ் தாங்கும் என்று பெயரிலேயே எழுதிக்கொண்டு வருவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். ஜெனீவாவில் சேர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகம் 1954இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. அங்குள்ள விஞ்ஞானிகள் இந்தக் கடிகாரத்தைச் சோதித்ததை ரோலெக்ஸ் இன்றும் பெருமையாகச் சொல்கிறது. (ஐ.டபிள்யூ.சி. என்ற இன்னொரு நிறுவனத்தின் காந்த எதிர்ப்புக் கடிகாரமான இன்ஜெனியர் ஒரு வருடம் முன்னதாகவே வந்துவிட்டது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.)

அந்தக் காலத்து உபாயம் எளியது. இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்பில் ஒரு கூடு. காந்தக் கோடுகள் உள்ளே புகாமல் கூட்டின் வழியே சுற்றிக்கொண்டு போய்விடும். 2007இல் திரும்பி வந்த மில்காஸில் ஹேர் ஸ்பிரிங் நயோபியமும் சிர்கோனியமும் கலந்த பாராக்ரோம், இயந்திரத்தின் ஓட்டத்தை ஒவ்வொரு பல்லாக விடும் எஸ்கேப் வீல் நிக்கல்-பாஸ்பரஸ். இரண்டையும் காந்தம் எளிதில் பாதிக்காது. ஆனாலும் அச்சும் மற்ற சில உறுப்புகளும் எஃகுதான் என்பதால் கூடு தேவைப்பட்டது. கூட்டின் விலையைத் தடிமனில் கொடுத்தார்கள்: சுமார் 13 மில்லிமீட்டர். தேதி காட்ட ஒரு துளை போட்டால் கூட்டில் ஓட்டை விழும். பின்பக்கம் கண்ணாடி வைக்கவும் வழியில்லை.

அந்தக் கூடு எனக்கு இன்னொரு விதத்திலும் வேடிக்கையாகத் தோன்றும். என் அறையின் காந்தம் 1.5 டெஸ்லா, அதாவது 15,000 காஸ். அங்கே மில்காஸைக் கட்டிக்கொண்டு போனால், காப்பாற்றுவதற்கென்று வைத்த இரும்பைத்தான் காந்தம் முதலில் பிடித்து இழுக்கும். 2013இல் ஒமேகா நிறுவனம் தன் அக்வா டெர்ரா கடிகாரத்தில் கூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, காந்தம் ஏறாத பொருள்களிலேயே இயந்திரத்தைச் செய்து, பின்பக்கம் கண்ணாடியும் வைத்து, தாங்கும் அளவு என்று அறிவித்த எண் 15,000 காஸ். அந்த எண்ணைப் படித்த அன்று எங்கள் இயந்திரத்தின் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஆகவே மில்காஸ் நிறுத்தப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. அது உண்மையில் தோற்றுத்தான் போயிருந்தது. விந்தை என்னவென்றால், நிறுத்தப்பட்ட இரண்டே மாதத்தில், ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1950களின் பழைய மில்காஸ், 6541 என்ற எண்ணுள்ள மாதிரி ஒன்று 22 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. கடையில் இருந்தபோது சீண்ட ஆளில்லாத கடிகாரம் அது.

இப்போது மட்டும் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். 2025 ஏப்ரலில் ரோலெக்ஸ் லேண்ட்-டுவெல்லர் என்ற கடிகாரத்தைக் காட்டியது. அதன் 7135 இயந்திரத்தில் இருப்பது பேலன்ஸுக்கு ஆற்றலை விட்டுவிட்டுத் தள்ளும், உங்களுக்குப் பழக்கமான லீவர் எஸ்கேப்மென்ட் அல்ல. டைனபல்ஸ் என்று பெயரிட்ட, சிலிக்கானில் செய்த புதிய அமைப்பு. பற்கள் உரசாமல் உருண்டு தள்ளுவதால் 30 விழுக்காடு ஆற்றல் மிச்சம் என்கிறார்கள். ஹேர் ஸ்பிரிங் சிலிக்கான், பேலன்ஸின் அச்சு பீங்கான். கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 9.7 மில்லிமீட்டர். அதன் டயலில் தேன்கூட்டு வடிவம் பொறித்திருப்பதைப் பார்த்தவுடன், பழைய 6541இன் தேன்கூட்டு டயலை நினைக்காதவர் எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். மில்காஸுக்கு வேண்டிய இயந்திரத்தைச் செய்து முடித்துவிட்டு, அதை வேறொரு பெயரில், தங்க வளையம் சூட்டி விற்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

ஆகவே நான் கேட்பது இது. 38 மில்லிமீட்டர் கேஸ், அதாவது வெளிக்கூடு, டைட்டானியத்தில். அவர்களிடமே அந்த உலோகம் இருக்கிறது, 2022இலும் 2023இலும் பெரிய கடிகாரங்களில் பயன்படுத்தினார்கள். தங்கம் எங்கும் வேண்டாம். உள்ளே இரும்புக் கூடு வேண்டாம், துளை போடத் தடை இல்லாவிட்டாலும் தேதியும் வேண்டாம். தேன்கூட்டுக் கறுப்பு டயல். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்னல் கீற்றுப்போல் வளைந்து நெளிந்த அந்த விநாடி முள். 1019 என்ற அடுத்த மாதிரியில் அதை நேர் முள்ளாக்கி முகத்தையே வெறுமையாக்கினார்கள்; 2007இல் ஆரஞ்சு நிறத்தில் திரும்பக் கொண்டுவந்தபோது பலர் விளையாட்டுப் பொருள்போல் இருக்கிறது என்றார்கள். அந்த விளையாட்டுத்தனம்தான் எனக்குப் பிடித்தது. புதிய இயந்திரம் விநாடிக்குப் பத்துத் துடிப்பு துடிக்கிறது. அந்த வேகத்தில் மின்னல் முள் ஏறத்தாழ வழுக்கிக்கொண்டே போவதைப் பார்க்க வேண்டும். 2007க்குப் பிந்தைய மில்காஸில் வந்த பச்சைக் கண்ணாடியை விட்டுக்கொடுக்கத் தயார், அழகானதுதான் என்றாலும்.

ஒமேகாவைப்போல் பதினைந்தாயிரம் காஸ் தாங்க வேண்டிய கடிகாரத்துக்கு ஆயிரம் என்று பெயர் எப்படிப் பொருந்தும் என்று ஒரு நண்பர் கேட்டார். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை என்றேன். இங்கே மிகுதி, அங்கே குறை, அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் அவர்களோடு சண்டை பிடிப்பேன், அது உங்களுக்காக. சிலிக்கான் ஹேர் ஸ்பிரிங்கை யாரும் சாமணத்தால் நிமிர்த்த முடியாது. வளைக்கப் பார்த்தால் உடைந்துவிடும், உடைந்தால் புதிது மாற்றுவது ஒன்றே வழி, மாற்று உறுப்பு உங்கள் மேசைக்கு வரப்போவதில்லை. அப்பாவின் கடிகாரத்தில் காந்தத்தை இறக்கிய பிறகும் கடைசி வளையம் சற்றே கோணியிருந்ததை, கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, இரண்டு தொடுதலில் நீங்கள் சரிசெய்ததை நான் பார்த்தேன். ஆகவே ஹேர் ஸ்பிரிங் மட்டும் அவர்களுடைய பழைய பாராக்ரோமாகவே இருக்கட்டும் என்பேன். அது காந்தத்துக்கும் அசையாது, உலோகம் என்பதால் கைக்கும் வசப்படும். கொஞ்சம் துல்லியம் குறையலாம், குறையட்டும். மற்றதெல்லாம் சிலிக்கானாக இருந்தாலும் அந்த ஒன்றாவது மனிதர் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். பொறியாளர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும்.

அப்படி ஒன்று வந்து, எப்படியோ என் கைக்கும் வந்துசேர்ந்தாலும், ஸ்கேன் அறை வாசலில் அதைக் கழற்றித்தான் வைப்பேன். அங்கே விதி விதிதான். அப்பாவின் கடிகாரம் இப்போது நாளுக்கு இருபது விநாடி பிந்துகிறது. சனிக்கிழமை மாலை கொண்டுவருகிறேன். கூட்டம் குறைந்த பிறகு பார்த்தால் போதும்.

அன்புடன்,
இழுப்பறையில் கடிகாரத்தை மறக்காமல் வைக்கும் உங்கள் தம்பி