மாங்குளம் சந்தியில் நின்ற ஐயாவுக்கு

மகளுக்குக் கணித ஒலிம்பியாட் போட்டி. ஒட்டுசுட்டானில் இருந்து விடியவே வெளிக்கிட்டு, மாங்குளம் சந்தியில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். பஸ் வந்த பாடில்லை. பிள்ளை கொப்பியை விரித்து, ஒரு கணக்கில் மாட்டுப்பட்டு, அழாத குறை. எனக்கு அந்தக் கணக்கின் கேள்வியே விளங்கவில்லை.

பக்கத்தில் உரப்பையோடு இருந்த நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். “பிள்ளை, இங்க நிக்கிற ஆக்களை எண்ணு.” 13 பேர். “மாதம் 12 தானே? அப்ப ரெண்டு பேராவது ஒரே மாதத்தில பிறந்திருக்க வேணும். போய்க் கேட்டுப் பார்.” வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள். கச்சான் விற்கும் அம்மாவும் சைக்கிளில் வந்த பொடியனும் ஓகஸ்ட்! பிள்ளை சிரித்துவிட்டாள். அதற்குப் புறாக்கூட்டுத் தத்துவம் என்று பெயராம்.

அப்புறம் சொன்னீர்கள், சர்வதேச ஒலிம்பியாட்டிலேயே 2 நாளைக்கு 6 கணக்குத்தான், நாளுக்கு நாலரை மணித்தியாலம் என்று. “யோசிச்ச வழிக்கும் புள்ளி இருக்கு. அவசரப்படாதை.”

வவுனியா பஸ் வந்தது. உரப்பையைத் தூக்கித் தந்தேன், பெயர் கேட்க மறந்தேன். என் பிழைதான்.

மகளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கோயில் வரிசையில் நின்றாலும் இப்போது ஆட்களை எண்ணுகிறாள். கொப்பியின் பின்மட்டையில் மாதத்துக்கு ஒன்றாய் நீங்கள் கீறிக் காட்டிய 12 பெட்டிகளும் அப்படியே இருக்கின்றன. மிக்க நன்றி ஐயா.