மகளுக்கு, திருவிருந்தைப் பற்றி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பணம் கிடைத்தது. தம்பியின் கட்டணத்தைக் கட்டியாயிற்று. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் நம் வரிசை எழுந்து அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்குப் போனபோது, மற்றவர்கள் தாண்டிப் போக முழங்காலை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, நீ மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். ஈஸ்டருக்கும் அப்படியே. பெரியம்மாவிடம் உனக்குத் தலைவலி என்று சொல்லிவைத்தேன். போன வருஷத்து விஷயத்தை நான் இங்கே எடுக்கப்போவதில்லை.

சின்ன வயதிலிருந்தே நீ யாரிடமும் கடன் வைக்காதவள். சித்தப்பா ஆசையாய் வாங்கிக் கொடுத்த சைக்கிளுக்குக்கூட முதல் சம்பளத்தில் பணத்தைக் கொண்டுபோய் நீட்டினாய். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் அவர் முகம் வாடியதை நீ கவனிக்கவில்லை. ஆண்டவரிடமும் அதே கணக்கோடு, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்று நிற்கிறாயோ என்றுதான் பயமாயிருக்கிறது.

ஆண்டவர் தம் சீஷனான பேதுருவின் கால்களைக் கழுவ வந்தபோது அவரும் சம்மதிக்கவில்லை. நான் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார் ஆண்டவர். சேவல் கூவுமுன் என்னை மூன்று தரம் மறுதலிப்பாய் என்று சொன்னதும் அதே இரவில்தான்; அதை அறிந்திருந்தும் அவரைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பவில்லை, அவருடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டார். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டே பேதுரு மறுதலித்தார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, அதன்மேல் மீனும், கூடவே அப்பமும் வைத்து, அவருக்காகவும் காத்திருந்தார். யோவான் 21-ஐ நிதானமாக வாசி, மகளே. முதலில் சாப்பிட வாருங்கள் என்கிறார். என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி சாப்பிட்ட பிறகுதான் வருகிறது. அந்த வரிசை எனக்குப் பெரிய ஆறுதல்.

அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிப்பதைப் பற்றிய பவுலின் எச்சரிப்பு உன்னைத் தடுக்கிறதென்றால், 1 கொரிந்தியர் 11-ஐச் சற்று மேலேயிருந்து வாசி. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததைத்தான் அவர் கண்டிக்கிறார். தன் குறையை நினைத்துக் கலங்குகிறவளை அவர் விரட்டவில்லை. தன்னைச் சோதித்தறிந்து, பிறகு புசிக்கவே சொல்லுகிறார்.

பாவத்துக்கு விலையில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த விலை சிலுவையில் செலுத்தித் தீர்ந்தது, அதுவும் நாம் திருந்திய பிறகு அல்ல, 'நாம் பாவிகளாயிருக்கையில்' என்று ரோமர் 5:8 சொல்லுகிறது. அதை நீ மறுபடியும் கட்ட நினைப்பது சித்தப்பாவுக்குச் செய்ததையே ஆண்டவருக்கும் செய்வதாகும்.

இத்தனை பேருக்குச் செய்கிற பிள்ளைக்கு அம்மாவின் போனை எடுக்க மட்டும் நேரமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு இப்போதே விடுப்புக் கேட்டு வை. அதற்கு முந்தின ஞாயிறு திருவிருந்து உண்டு. என்னோடு எழுந்து வா, பெரியம்மா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா