மூன்று மணிக்கு உடன் விழித்திருந்தவர்களுக்கு

கோயம்புத்தூர்,
பங்குனி மாதம்.

அன்பும் மதிப்பும் மிக்க அனைவருக்கும் வணக்கம்.

தை மாதத்தின் இரண்டாம் வாரத்திலிருந்து மாசி முடியும் வரை, ஏறத்தாழ ஏழு வாரங்கள், நான் சரியாகத் தூங்கவில்லை என்பதை உங்களில் சிலர் முழுமையாகவும் சிலர் அரைகுறையாகவும் அறிவீர்கள். மனச்சோர்வுக்காக மூன்று ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்த ஒரு மருந்தை விட்டு வேறொரு மருந்துக்கு மாறிய காலம் அது. அந்த நாள்களில் யார் எனக்கு என்ன செய்தீர்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல முயன்றபோதெல்லாம் தொண்டை அடைத்துப் பேச்சு பாதியில் நின்றுவிட்டதால், எல்லாருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் விட்டுவந்த வென்லாஃபாக்சினைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த என்னை மறுபடியும் அஞ்சலகக் கவுண்டரில் உட்கார வைத்தது அந்த மருந்துதான். மார்கழியில் தலைவலிக்காகப் போன இடத்தில் இரத்த அழுத்தம் 150/100 என்று காட்டியது. இரண்டு வாரம் பார்த்தும் இறங்கவில்லை. அந்த மருந்து சிலருக்கு, அதிலும் அளவு கூடும்போது, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் செர்ட்ராலினுக்கு மாற்றலாம் என்று முடிவானது. மாற்றம் என்றதும் ஒரு அட்டையை முடித்து மறுநாள் இன்னொரு அட்டையைப் பிரிப்பது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர் அவர்களே, வெளியே அறுபது பேர் டோக்கனோடு காத்திருந்த காலைப் பொழுதில் என் ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் நீங்கள் வரைந்த படிக்கட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். 150, 75, 37.5 மில்லிகிராம் என்று இறங்கும் பழைய மருந்தின் படிகள். அவற்றுக்கு எதிர்ப்பக்கமாக, 25 என்றும் 50 என்றும் ஏறும் புது மருந்தின் படிகள். வென்லாஃபாக்சின் உடலை விட்டு வேகமாகப் போய்விடும், ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும், அது மாறி உண்டாகும் பொருளும் பதினோரு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் ஒருவேளை தவறினாலும் உடம்பு உடனே காட்டிக்கொடுக்கிறது என்று பொறுமையாக விளக்கினீர்கள். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் சுண்டுவதுபோல் இருக்கிறது என்று நான் சொன்னபோது, இதை எப்படிச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்ற அச்சத்தோடுதான் சொன்னேன். நீங்கள் தலையசைத்து, "நிறையப் பேர் இதே வார்த்தையைத்தாம்மா சொல்றாங்க" என்றீர்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு வந்தேன்.

கண் அயர்ந்த சொற்ப நேரத்தையும் கனவுகள் தின்றன. கவுண்டருக்கு வெளியே முடிவே இல்லாத வரிசை, முத்திரை குத்தக் குத்தக் குறையாத தபால்கள், கூட்டக் கூட்ட ஒத்துவராத பணம் எனக் கண்முன்னே நடப்பதுபோல் வந்து, எழுந்த பிறகும் கை வலித்தது. கனவு காணும் தூக்கத்தை இம்மருந்துகள் அடக்கிவைத்திருக்கும், அளவைக் குறைக்கும்போது அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து பெருகிவரும் என்று நீங்கள் சொன்ன பிறகு, கனவுகள் நிற்காவிட்டாலும் அவற்றுக்குப் பொருள் தேடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

நீங்கள் என் கணவரிடம் கேட்ட கேள்விகளையும் மறக்கமாட்டேன். தூக்கம் வேண்டும் ஆனால் வரவில்லை என்கிறாரா, அல்லது தூக்கமே தேவையில்லை என்பதுபோல் உற்சாகமாக இருக்கிறாரா, வழக்கத்தை விட வேகமாகப் பேசுகிறாரா, கணக்கில்லாமல் செலவு செய்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். இரண்டும் வேறு வேறு நோய், இரண்டுக்கும் வேறு வேறு வழி என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. காய்ச்சலும் கை நடுக்கமும் வயிற்றுப்போக்கும் மனப் பதற்றமும் சேர்ந்து வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தீர்கள். அப்படி எதுவும் வரவில்லை என்றாலும், எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்ததால் மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படாமல் இருக்க முடிந்தது.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். முதலில் பத்து நாளைக்கு மட்டும், தூக்கம் வர உதவும் குளோனசிபாம் மாத்திரை கொடுத்தீர்கள். அது தீர்ந்ததும், இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேசை முன் அழுதேன். நீங்கள் எழுதவில்லை. பழகிவிட்டால் இதையும் ஒரு நாள் படிப்படியாக இறக்க வேண்டியிருக்கும், இரண்டு படிக்கட்டில் ஒரே சமயத்தில் உங்களை இறங்க விடமாட்டேன் என்றீர்கள். அந்த நேரத்தில் உங்கள் மீது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அந்த மறுப்பை, நீங்கள் எழுதிக்கொடுத்த எல்லா மருந்துகளோடும் சேர்த்தே எண்ணுகிறேன். 37.5-லிருந்து நிறுத்தும் கடைசிப் படி பார்க்கத்தான் சிறியது, இறங்கும்போதுதான் அதன் உயரம் தெரியும் என்று சொல்லி, இரண்டு வாரத்தில் முடிக்க நினைத்ததை நான்கு வாரமாக நீட்டியதும் நீங்கள்தான்.

அதே பிரிவின் உளவியலாளர் அம்மையாருக்கு என் வணக்கம். இரவு பத்து மணிக்கே படுத்துக் காலை ஆறு மணி வரை புரண்டுகொண்டிருந்த என்னிடம், படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, பசியோடு வந்தவளிடம் சோற்றைக் குறை என்று சொல்கிறீர்களே என்று நினைத்தேன். நள்ளிரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழ வேண்டும். எப்படித் தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது. படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் வேறு எதையாவது செய்ய வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. படுத்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு தூங்கத் தொடங்கிய பிறகு கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். இந்தப் பயிற்சி நடக்கும்போது வண்டி ஓட்டக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னதால், ஏழு வாரமும் என் கணவர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டு அழைத்துவந்தார். உறவுக்காரர்களின் தொலைபேசி அழைப்புகளையும் தானே எடுத்து, மாத்திரையை எல்லாம் தூக்கிப் போடச் சொல் என்றவர்களுக்கு ஒரு சொல் கடுமை இல்லாமல் பதில் சொன்னார். அவருக்கு நன்றி என்று எழுதினால் அவர் வருத்தப்படுவார், ஆகவே எழுதவில்லை.

தூக்கக் கணக்கை எழுத உளவியலாளர் கொடுத்த தாள் முடிந்ததும், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தன் கிராஃப் நோட்டைக் கொண்டுவந்தாள். ஒரு கட்டம் கால் மணி நேரம் என்று அவளே கணக்கிட்டு, தூங்கியதற்கு நீலம், விழித்திருந்ததற்கு வெள்ளை என்று வைத்துக்கொண்டாள். முதல் வரிசையில் 32 கட்டங்களில் 14 மட்டுமே நீலம்; அதுவும் நான்கு துண்டுகளாக. அதைப் பார்த்து அவள் பயந்துவிடுவாளோ என்று நான் கலங்கியபோது, "ஒண்ணுமே தூங்கலைன்னு சொன்னீங்களேம்மா, இவ்வளவு இருக்கே" என்றாள். கண்ணம்மா, மூன்றரை மணி நேரம் என்பது ஒன்றுமே இல்லாததற்குச் சமம் ஆகாது என்பதை எனக்குக் காட்டிய முதல் ஆள் நீதான்.

மருந்துக்கடைத் தம்பிக்கு ஒரு தனி நன்றி. புது மாத்திரையைத் தொடங்கி ஐந்தாம் நாள் வேறு எதற்கோ கடைக்கு வந்த என்னிடம், "இதை எப்போங்க போடுறீங்க?" என்று கேட்டீர்கள். இரவில் என்றேன். பழைய பழக்கத்தில் எல்லா மாத்திரைகளையும் இரவு உணவுக்குப் பின்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சீட்டில் 1-0-0 என்று இருப்பதைக் காட்டி, இது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால்தான் டாக்டர் காலையில் எழுதியிருக்கிறார் என்று சொல்லி, அட்டையின் மேல் நீல மையால் 'காலை' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தீர்கள். கடையில் அன்று கூட்டம் அதிகம். நீங்கள் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அலுவலகத்தில் என் பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் அக்காவுக்கு மட்டும்தான் முழு விவரமும் சொல்லியிருந்தேன். ஆர்.டி. எனப்படும் மாதத் தவணைச் சேமிப்பின் முகவர்களுடைய பட்டியல்கள் குவியும் மாதக் கடைசியில், ஒருவரின் தவணையை இன்னொருவரின் கணக்கில் நான் வரவு வைத்துவிட்டேன். மாலைக் கணக்கு முடிக்கும்போது அதைக் கண்டுபிடித்தவர் அவர். அன்றிலிருந்து தன் வேலை முடிந்த பிறகும் இருந்து, என் பணத்தைத் தானும் ஒருமுறை எண்ணி, என் சீட்டுகளைத் தானும் ஒருமுறை சரிபார்த்துவிட்டே வீட்டுக்குப் போனார். அவர் வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியார் இருக்கிறார் என்பதை நான் அறிவேன். அக்கா, நீங்கள் தவறவிட்ட ஆறே கால் பேருந்துகளை என்னால் திருப்பித் தர முடியாது.

மாசி முதல் வாரத்தில் ஒரு இரவு, வீட்டில் யாரையும் எழுப்ப மனமில்லாமல், மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து 14416 என்ற எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி உதவி அது. கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் பேசிய சகோதரியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று அவர் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார். இல்லை, ஆனால் விடியாமல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது என்றேன். அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார். நான் கீழே இறங்கிப் போய் வீட்டில் ஒருவரை எழுப்பும் வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. மறுநாளே மருத்துவரிடம் சொன்னேன். சகோதரி, இந்த மடல் உங்கள் கண்ணில் படுமா என்று தெரியாது. அன்று நான் எழுப்பியது என் அப்பாவை.

அப்பாவைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். அவர் இங்குள்ள ஒரு நூற்பாலையில் 27 ஆண்டுகள் சைடராக வேலை செய்தவர். வாரம் மாறி வரும் மூன்றாம் ஷிப்டில், நள்ளிரவு முதல் காலை வரை ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரங்களுக்கு இடையில் நடந்து நடந்து அறுந்த நூலை ஒட்டியவர். நான் எழுப்பிய இரவில் அவர் என்னவென்று கேட்கவில்லை. மறுநாளே தன் கட்டிலை அறையிலிருந்து ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். உளவியலாளர் சொன்னபடி நான் படுக்கையை விட்டு எழுந்து வரும்போதெல்லாம், சின்ன விளக்கைப் போட்டுவிட்டு, ஓடு உடைத்து வாங்கி வைத்திருந்த வருடத்துப் புளியை முறத்தில் எடுத்து என் முன் வைப்பார். கொட்டை தட்டினால் அக்கம்பக்கம் விழித்துவிடும் என்பதால் அதைப் பகலில் அம்மா பார்த்துக்கொண்டார். இரவில் எங்களுக்கு நார் எடுக்கும் வேலை மட்டும். புளியின் முதுகில் ஓடும் நரம்பை நுனியில் பிடித்து, அறுந்துவிடாமல் ஒரே இழையாக அடிவரை உரிக்க வேண்டும். விரலெல்லாம் பிசுபிசுக்கும், நகக்கண் எரியும். அப்பா எடுக்கும் நார் ஒன்றும் அறுந்ததில்லை.

தூங்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் மற்ற எல்லாரும், அன்பினால்தான், கண்ணை மூடிக்கொண்டு முருகனை நினை, பாலைக் குடி, யோசிக்காமல் படு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஒவ்வொன்றும் நான் முயலவில்லை என்பதுபோல் என் காதில் விழுந்தது. அப்பா மட்டும், "மூணு மணியில இருந்து நாலரை வரைக்கும் எது மனசுல வந்தாலும் நம்பாத கண்ணு" என்றார். மூன்றாம் ஷிப்டில் அந்த நேரத்தில்தான் ஃபிரேம் முழுக்க நூல் அறுந்துகொண்டே இருப்பதுபோல் தோன்றுமாம். மேஸ்திரி எண்ணிப் பார்த்தால் எப்போதும் அறுவதுபோல்தான் அறுந்திருக்குமாம். நமக்குத்தான் அப்போது கை ஓடாது என்றார். உடல் வெப்பமும் விழிப்பும் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் அது என்று பிறகு மருத்துவரும் சொன்னார். நான் கெட்ட தாய், வேலைக்கு லாயக்கில்லாதவள், இனி ஒருநாளும் சரியாகமாட்டேன் என்ற எண்ணங்கள் எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் வந்தன என்பதை, மகளின் கிராஃப் நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தபோது நானே பார்த்தேன். அதற்குப் பிறகு அவை வரும்போது நாரைப் பிடித்துக்கொண்டு, நாலரை ஆகட்டும் என்று இருந்தேன்.

பத்துக் கிலோ புளியும் மாசிக் கடைசியில் தீர்ந்தது. புது மருந்து 50-இல் நிலைத்து, பழைய மருந்து முற்றிலும் நின்று மூன்று வாரம் ஆகிறது. இரத்த அழுத்தம் 124/80 வரை இறங்கியிருக்கிறது. தலைக்குள் சுண்டுவது எப்போதாவது மட்டும் வருகிறது. இப்போது பதினொரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறேன். சென்ற வாரத்தின் பெரும்பாலான வரிசைகளில் 26 கட்டங்களுக்கு 23 நீலம் இருக்கிறது.

அப்பாவின் கட்டில் இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது. உள்ளே போட்டுவிடலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ஹாலில்தான் காற்று நன்றாக வருகிறது என்கிறார். நேற்று இரவு ஒருமுறை விழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

நன்றியுடன்,
உங்கள் எல்லாராலும் தாங்கப்பட்ட ஒருத்தி.