பிணவறை வாசலில் மைக் பிடித்து நிற்கும் தம்பி தங்கைகளுக்கு

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் செய்தி சேகரிக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குரலாகத்தான் தெரிந்திருக்கும். 1984இல் வானொலியில் சேர்ந்து 2016இல் ஓய்வு பெற்றேன். அந்த 32 வருஷத்தில் பெரும்பகுதி பேட்டி எடுத்தே கழிந்தது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிரப் பெண்கள், மேலூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள், மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிகள், கலெக்டர்கள், ஸ்பெஷல் நாடக ராஜபார்ட்டுகள் என்று யார் கிடைத்தாலும் மைக்கை நீட்டினேன். என்னென்ன கேட்டேன் என்பதில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒரு கேள்வி மட்டும் போகவில்லை.

“இப்ப உங்க மனசு எப்படி இருக்கு?”

நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் ஒருவர் கேட்டார், ஒரே ஒரு முறை.

2011 ஐப்பசியில், ஊருக்கு வெளியே நான்கு வழிச்சாலையில், நின்றிருந்த லாரியின் பின்னால் என் மகன் பைக்கோடு மோதிவிட்டான். வயது 24. ஒரே பிள்ளை. மறுநாள் காலை பிணவறை வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் நானும் அவன் அப்பாவும் நின்றிருந்தோம். கையெழுத்துக்காகக் காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். மைக்கோடு ஒரு பையன் வந்தான். என் மகனைவிட இரண்டு வயது குறைவாக இருந்திருப்பான். “அம்மா, இப்ப உங்க மனசு எப்படி இருக்கும்மா?” என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “காத்து அடிக்குது தம்பி. மைக்குக்கு ஸ்பாஞ்சு போடலியா?”

வேண்டுமென்று சொல்லவில்லை. 27 வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் முழித்தான். அன்று ராத்திரி அந்தக் காட்சி ஒளிபரப்பானதாகச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் நானும் பார்த்தேன். என் வாய் அசைகிறது, குரல் இல்லை. குரலுக்குப் பதில் சோக வயலின். கீழே என் மகன் பெயரை எழுத்துப்பிழையோடு போட்டிருந்தார்கள்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு வருஷம் இருந்தது. அப்புறம் ஒரு நாள் பீரோவைச் சுத்தம் செய்யும்போது பழைய ஒலிநாடா ஸ்பூல் ஒன்று கையில் கிடைத்தது. கோபம் இடம் மாறிவிட்டது.

அந்த ஸ்பூலைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலே. உங்களுக்கு டேப் தெரியாது. நாங்கள் வெளியே போகும்போது தோளில் ஊஹர் டேப் ரெக்கார்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு போவோம், பள்ளிக்கூடப் பையைவிடக் கனம். நொடிக்கு ஏழரை அங்குலம் நாடா ஓடும். வேண்டாத இடத்தைக் கழிக்க, நாடாவை வெளியே இழுத்து, மெழுகுப் பென்சிலால் குறி போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டவேண்டும். ஆக, எங்களுக்கு நேரம் என்பது அங்குலம். ஒரு இருமல் மூன்று அங்குலம், ஒரு “வந்துங்க...” நாலு அங்குலம். ஒரு நொடி மௌனம் ஏழரை. சனியைச் சொல்கிற அதே ஏழரை என்று எடிட்டிங் அறையில் சிரித்துக்கொள்வோம்.

தொண்ணூறுகளில் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு விபத்து. அந்த வட்டாரத்தில் இது நடக்காத ஆண்டு அபூர்வம். மருந்து கலக்கும்போது உராய்வு, வெயில், ஒரு அறையில் இருக்கவேண்டிய ஆளுக்கு மேல் ஆள், காரணங்கள் அப்போதும் இவைதான், இப்போதும் இவைதான். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் மூன்றாம் நாள் போய் உட்கார்ந்தேன். அதே கேள்வியைக் கேட்டேன். அவர் பேசவில்லை. சுவரைப் பார்த்தார். வெளியே ஒரு மாடு கத்தியது. பிறகு, “பால் கறக்கணும்மா, நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திரும்பி வந்து அந்த மௌனத்தை அளந்தேன். பன்னிரண்டு நொடி. தொண்ணூறு அங்குலம், அதாவது ஏழரை அடி. ஒரு ஆள் உயரத்துக்கும் மேல். நிகழ்ச்சியில் இடம் இல்லை என்று வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். “பால் கறக்கணும்” என்பதும் சம்பந்தமில்லாமல் இருக்கிறது என்று அதையும் வெட்டினேன். வேறொரு இடத்தில் அவர் அழுத ஐந்து நொடியை எடுத்து ஒட்டினேன். நிகழ்ச்சி நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். பீரோவில் கிடைத்தது அந்த நிகழ்ச்சிதான். வெட்டிய ஏழரை அடி அதில் இல்லை.

அவருக்குப் பால் கறக்கிற வேலை. எனக்கு ஸ்பாஞ்சு. அன்று அவர் பதில் சொல்லாமல் போனதாக நினைத்தேன். சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதம் விசாரிக்கப் போவது என்கிறோம், துட்டி கேட்கப் போவது என்கிறோம். சொல்லைப் பாருங்கள்: விசாரிப்பு, கேட்பு. ஆனால் போகிறவர் என்ன கேட்கிறார்? ஒன்றும் கேட்பதில்லை. ஆண்கள் இரண்டு கையையும் நீட்டி எதிராளியின் கையைத் தொட்டுவிட்டுப் பெஞ்சில் போய் உட்காருவார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். வீட்டுக்காரர் “வாங்க” என்று சொல்லமாட்டார், வந்தவர் “போய்ட்டு வர்றேன்” என்று சொல்லமாட்டார். காபி நீட்டமாட்டார்கள், நீட்டினாலும் குடிக்கமாட்டார்கள். எப்போது நடந்தது, எப்படி நடந்தது என்பதைக்கூட வாசலில் நிற்கும் பங்காளி யாரையாவது ஓரமாக அழைத்துத்தான் கேட்பார்கள். இவ்வளவும் தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, மைக் கையில் வந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. உங்களுக்கும் மறந்துபோகிறது.

ஒப்பாரி பதிவு செய்யப் போனபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அழகர்மலைப் பக்கம் ஒரு கிராமம். நன்றாகப் பாடுவார் என்று பெயர் வாங்கிய ஒரு பாட்டி. வீட்டுக்குள் பாடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது. சரி, ஊருக்கு வெளியே களத்துமேட்டுக்குப் போனோம். முதல் இரண்டு பாட்டு எங்களுக்காகப் பாடினார். அதற்குமேல் அவரைப் பொறுத்தவரை நாங்கள் அங்கே இல்லை. எப்போதோ செத்துப்போன அவருடைய அண்ணனை நினைத்து, அந்த அண்ணன் தனக்குச் செய்யாமல் போன சீரையெல்லாம் வரிசையாகச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். ஊரார் வீட்டுத் துட்டியில் அவரவர் குறையைச் சொல்லி அழுவதுதானே வழக்கம். நாடா முடிந்து ஸ்பூல் டப் டப்பென்று சுற்றியது. மாற்றவும் இல்லை, பாட்டியை நிறுத்தவும் இல்லை. என் வேலையில் நான் உருப்படியாகச் செய்தவற்றில் அது ஒன்று. அதற்குப் பதிவு கிடையாது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைய ஆள். தத்தனேரி மயானத்துக்குப் போனதிலிருந்து வாடகைப் பாத்திரம் திருப்பிக் கொடுத்தது வரை எல்லாவற்றையும் யாரோ செய்தார்கள். பதினேழாம் நாள் காலையில் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. என்னுடையதும் அவருடையதும். மூன்று பேருக்கு உழக்கில் அளந்த கை, குறைத்து அளக்கப் பழக நாலு மாசம் ஆனது. ராத்திரி பழையதில் தண்ணீர் ஊற்றும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பேன். அன்றைய நாள் எப்படிப் போனது என்பதற்கு அதுதான் கணக்கு.

அந்த வாரமே வேலைக்குப் போனேன். நேயர்களோடு போனில் பேசும் நேரடி நிகழ்ச்சி. குரல் உடையாமல் பேசினேன். அது பெரிய சாமர்த்தியம் இல்லை, எச்சில் விழுங்கும் சத்தத்தைக்கூட மைக்குக்குக் கொடுக்காமல் இருக்கத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். பத்து நாள் கழித்து உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு ஐம்பது பைசா போஸ்ட்கார்டு. “அக்கா, உங்கள் குரல் கொஞ்ச நாளாகச் சளி பிடித்த மாதிரி இருக்கிறது. மிளகு ரசம் வைத்துக் குடிக்கவும்.” அவருக்கு விஷயம் தெரியாது. அன்றைக்கு மிளகு ரசம் வைத்தேன். கார்டு இன்னும் இருக்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பற்றித்தான் கேட்டார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மனசைத் தேற்றிக்கொண்டாயா. அவனைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று பயம். இரக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரை வேறு யார் வாயிலாவது கேட்கமாட்டோமா என்று எனக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. அவன் அப்பா ஒரு வருஷம் அந்தப் பெயரை உச்சரிக்கவே இல்லை.

ஐந்தாம் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்லூரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பைக் மெக்கானிக் வந்தார். “அம்மா, தம்பி இருநூத்தம்பது ரூவா கூடுதலாக் குடுத்துட்டுப் போயிருந்தாப்ல. அந்தக் கணக்கை முடிச்சிருவோம்னு வந்தேன்.” பணத்தை டீப்பாய் மேல் வைத்தார். உட்காருங்கள் என்றேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: சனிக்கிழமை சாயங்காலம் என் மகன் அந்தப் பட்டறையில்தான் இருப்பானாம். கிளட்ச் கேபிள் மாற்றுவதில் பட்டறைப் பையன்களைவிட வேகமாம். கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்குப் போனால் அம்மா திட்டும் என்று மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவானாம். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவதாக அல்லவா என்னிடம் சொல்லியிருந்தான்! மூன்று வருஷம் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்ததும் நானும் அவரும் சத்தமாகச் சிரித்துவிட்டோம். உள்ளே இருந்து அவன் அப்பா எழுந்து வந்தார். “எந்தப் பட்டறை?” என்று கேட்டார்.

என் காலத்தில் நான் பார்த்த மிகப் பெரிய பேட்டியாளர் அந்த மெக்கானிக்தான்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்துப் பக்கம் சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் செத்துப்போனார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள். அன்று நீட்டப்பட்ட மைக்குகளை டிவியில் பார்த்தேன். பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் எப்படி வந்தது என்று கேட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம், அது கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்கவேண்டியது உறவைப் பறிகொடுத்து, பாஷையும் தெரியாமல் நிற்கிறவரிடம் இல்லை, ரயில்வே அதிகாரியிடம். அதிகாரி கதவைச் சாத்திக்கொள்வார். அழுகிறவருக்குச் சாத்தக் கதவு கிடையாது. அதனால்தான் நாம் அழுகிறவரிடம் போகிறோம். நானும் அப்படித்தான் போனேன்.

சட்டத்தைச் சொல்லி உங்களை மிரட்டப்போவதில்லை. தனிப்பட்ட துக்க வேளையில் கேமராவோடு உள்ளே நுழையாதே என்று பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறையில் இருக்கிறது. அது பத்திரிகைகளுக்கு. டிவிக்கு 1995ஆம் வருஷத்துக் கேபிள் சட்டமும் அதையொட்டிய விதிகளும். படித்துப் பாருங்கள், சின்னதுதான். ஆனால் அலுவலகத்திலிருந்து “விஷுவல் எங்கே?” என்று போன் வரும்போது இது எதுவும் உங்களைக் காப்பாற்றாது என்பதும் தெரியும்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். பிணவறை வாசலில் போலீஸிடம் கேளுங்கள், டாக்டரிடம் கேளுங்கள், லாரி ஏன் விளக்கில்லாமல் நின்றது என்று கேளுங்கள். பெற்றவளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, விலாசத்தை மட்டும் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். நாலு மாசமோ ஐந்து மாசமோ தள்ளி ஒரு தேதியில் அந்த விலாசத்தை மறுபடி எழுதிவையுங்கள். அன்றைக்குப் போங்கள். ஆசிரியர் அனுப்பமாட்டார், லீவு நாளில் போங்கள். செய்தி கிடைக்குமா என்றால் பெரும்பாலும் கிடைக்காது. எப்போதாவது ஒருமுறை, வேறு எவரிடமும் இல்லாத செய்தி கிடைக்கும். அதை அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள்.

மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். பையன் எப்படி இருப்பான், என்ன சாப்பிடுவான், எதற்குச் சண்டை போடுவான் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பன்னிரண்டு எண்ணுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் மௌனம் நேர்கோடாகத் தெரியும், மவுஸை ஒரு இழு இழுத்தால் காணாமல் போய்விடும். பிளேடுகூடத் தேவையில்லை.

மைக்கை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்துக்கு அந்த வீட்டில் மறுபடி “வாங்க” என்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள். காபி வரும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு வானொலிக்காரி,
மதுரை